திட்டத் தெரியாத தேசபக்தர்

லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றபோது, டிரில் மாஸ்டர் தம் நாட்டின் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த லிஃப்ட்கூட நம்ம நாட்டுலயே செஞ்சதுதான்னு அவங்ககிட்ட சொல்லும்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார். ஒரு குலுக்கல். விளக்கு அணைந்தது. தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த குட்டி ஃபேன் ஒரு முறை முனகிவிட்டு ஓய்ந்தது.

உள்ளே ஆறு பேர், அவர்கள் காலடியில் பெட்டிகள். மாஸ்டர், அவர் மனைவி, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள், அங்கே அவளோடு ஒரே அலுவலகத்தில் இருக்கும் பையன், விமானக் களைப்பு இன்னும் தீராத அவன் அப்பா, அம்மா. மகளும் பையனும் கல்யாணம் செய்துகொள்வது என்று எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் பையனின் பெற்றோர் நேரில் வந்து, பெண் வீட்டில் சில நாள் தங்கிப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும்.

"அவங்க வேண்டாம்னா அவன் கட்டிக்க மாட்டான்ப்பா. எனக்கு அவனை விட்டா வேற யாரும் வேண்டாம்" என்று மகள் போனிலேயே மூக்கைச் சிந்தியிருந்தாள். ஆகவே மாஸ்டர் இருட்டிலும் சிரித்த முகத்தோடே நின்றார்.

அவர் மனைவி அப்படி நிற்கவில்லை.

"நின்னுடுச்சா? நின்னுடுச்சில்ல? படியில போகலாம்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டா? நம்ம நாட்டு லிஃப்ட், நம்ம நாட்டு லிஃப்ட்னு இந்தக் கட்டடத்துல இருக்கறவங்க அத்தனை பேர் தலையிலயும் இதைக் கட்டினது இந்த மனுஷன்தான்! கரண்டைப் பாரு, விருந்தாளி வர்ற நேரம் பார்த்துப் போகுது. போன் பண்ணிக் கேட்டா 'ஆள் கிளம்பிட்டாங்க'ன்னு சொல்வாங்க. ஒருத்தனும் கிளம்பியிருக்க மாட்டான். எனக்குத் தெரியாதா? அந்த போனை எடுத்துப் பொய் சொல்றதே நான்தானே!"

உண்மைதான். அம்மாள் மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் பிரிவில் வேலை பார்த்தார். பகலெல்லாம் ஊர்ப் புகாரைக் காதில் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து வட்டியோடு கொட்டுவார். கொட்டுவதற்கு வீட்டில் இருந்த ஒரே பாத்திரம் மாஸ்டர்.

"உஸ்! வந்தவங்க என்ன நினைப்பாங்க? இதெல்லாம் நாலு சுவத்துக்குள்ள பேசற விஷயம்."

"இப்ப எங்க இருக்கோமாம்? லிஃப்டுக்கு எத்தனை சுவராம்?"

இருட்டில் பையன் தன் பெற்றோரின் காதில் குசுகுசுவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பையனுக்கு நம் மொழி பேச வரும். ஆனால் கற்றுக்கொடுத்தது மாஸ்டரின் மகள், அதுவும் பெரும்பாலும் அவனோடு சண்டை போட்டே கற்றுக்கொடுத்தாள். அதனால் 'வணக்கம், சௌக்கியமா' என்பதில் தடுமாறினாலும், திட்டு வகைகளில் மட்டும் அவன் கெட்டிக்காரன். மாமியார் ஆகப்போகிறவர் சொன்னது ஒன்றுவிடாமல் அவனுக்குப் புரிந்தது.

வாட்ச்மேன் கதவை நெம்பித் திறந்து ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து மேலே இழுத்தார். பையனின் அம்மா வெளியே வந்ததும் மாஸ்டரின் மனைவியை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணை எடுக்கவே இல்லை. முதல் நாளே மானம் கப்பலேறிவிட்டது என்று மாஸ்டர் முடிவு செய்துகொண்டார்.

அன்றிரவு சமையலறையில் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க பாரு. அவங்க ஊருக்குத் திரும்பற வரைக்கும் நீ ஒரு வார்த்தை குறை சொல்லக்கூடாது."

"நாட்டைப் பத்தியா, உங்களைப் பத்தியா?"

"ரெண்டும் ஒண்ணுதான். உன் பொண்ணு வாழ்க்கை உன் வாயிலதான் இருக்கு."

அம்மாள் கரண்டியை வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி. இனிமே இந்த வீட்டுல எல்லாமே பிரமாதம். போதுமா?"

போதும் என்றுதான் மாஸ்டரும் நினைத்தார்.

மாஸ்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'அட்டென்ஷன்' என்று பட்டப்பெயர். தினமும் காலையில் கொடியேற்றி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தேசிய கீதத்தை இருமல் தும்மல் இல்லாமல் முடிக்க வைப்பது அவர் பொறுப்பு. வீட்டில் ரேடியோவில் கீதம் வந்தால் பாதி சவரத்தோடு விறைத்து நிற்பார். மீதிப் பாதி அன்றைக்கு மறந்தே போய்விடும். ஒருவனுக்கு நாட்டின் மேல் எவ்வளவு பக்தி என்பதை அவர் முதுகெலும்பை வைத்துத்தான் அளப்பார். அந்தக் கணக்கில் பார்த்தால் வந்திருந்த சம்பந்தி தேறவே மாட்டார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். கையைப் பையில் விட்டுக்கொண்டு, தோள் தொங்க, கோணலாக நிற்பார்.

'பாவம், வெளியூர் வந்த கூச்சம். அவர் நாட்டுக்கு நாம ஒரு மரியாதை செஞ்சா மனுஷன் நிமிர்ந்துடுவார்' என்று மாஸ்டர் நம்பினார். அந்த மரியாதைக்கு ஒரு மாதமாக ஏற்பாடும் செய்துவைத்திருந்தார்.

மறுநாள் காலை கட்டட வாசலில் பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியக் குழு அணிவகுத்தது. பால்கனியில் விருந்தாளி நாட்டின் கொடி, கட்டில் விரிப்பு அளவில், காற்றில் படபடத்தது. மாஸ்டர் விசில் ஊதினார். அந்த நாட்டின் தேசிய கீதம் தெருவையே தூக்கியது.

சம்பந்தி இரவு உடையோடு பால்கனிக்கு ஓடிவந்தார். தலையில் இருந்த குல்லாயை எடுத்தார். முகம் வெளுத்தது. சம்பந்தியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கணம் சம்பந்தி உள்ளே ஓடினார்.

"பார்த்தியா!" என்றார் மாஸ்டர் மனைவியிடம். அவர் கண்ணே கலங்கிவிட்டது. "உணர்ச்சியைத் தாங்க முடியலை மனுஷனுக்கு."

"பிரமாதம்" என்றார் அம்மாள்.

மகள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். "அப்பா, வாசிக்கறதை நிறுத்தச் சொல்லுங்க! யார் செத்துப்போனதுன்னு அவர் தம்பிக்கு போன் போட்டுக் கேட்டுக்கிட்டிருக்கார்!"

"என்னம்மா உளர்றே? இது அவங்க தேசிய கீதம்!"

"அதுதாம்ப்பா. அவங்க ஊர்ல யாராவது பெரிய தலைவர் போனாத்தான் அதை வாசிப்பாங்க."

"அப்போ சந்தோஷமா இருந்தா என்ன செய்வாங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க. சும்மா இருப்பாங்க."

தேசிய கீதம் இருந்தும் சும்மா இருக்கிற ஜனங்களை மாஸ்டர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அதற்குள் சம்பந்தியின் தம்பி பதறிப்போய் மற்ற சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டார். யார் போனது, எப்போது எடுக்கிறார்கள் என்று மத்தியானம் வரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சம்பந்தியம்மாள் கொடியைச் சுட்டிக்காட்டி மகனிடம் ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்கறாங்க?" என்றார் மாஸ்டர் ஆவலாக.

பையன் நெளிந்தான். "வீட்டுல பழைய கார் ஏதாவது விக்கறீங்களான்னு கேக்கறாங்க மாமா. எங்க ஊர்ல கார் விக்கற கடையிலதான் இவ்வளவு பெரிய கொடி கட்டுவாங்க."

மாஸ்டர் கொடியை இறக்கி மடித்து உள்ளே வைத்தார். மடிக்கும்போதும் அட்டென்ஷனில்தான் நின்றார்.

விட்டதை ராத்திரிச் சாப்பாட்டில் பிடித்துவிடலாம் என்று நினைத்தார். அதற்கேற்றாற்போல் சம்பந்தியும் அன்று வாய் திறந்தார். மகள் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள்.

"அவங்க ஊர் ரயிலெல்லாம் குப்பையாம்ப்பா. ரெண்டு நிமிஷம் லேட்டா வருதாம். கேட்டா மழைன்னு சாக்கு சொல்றாங்களாம். மந்திரிங்க எல்லாரும் முட்டாளாம். ரோட்டுல குழியாம். ரொட்டிகூட முன்ன மாதிரி இல்லையாம். நாடு நாசமாப் போயிட்டிருக்காம்."

சொல்லச் சொல்ல சம்பந்தியின் முகம் மலர்ந்தது. தோள்கூடக் கொஞ்சம் நிமிர்ந்தது. மாஸ்டர் அதைக் கவனித்தார். விருந்தாளி சொல்வதை ஆமோதிப்பதுதானே மரியாதை?

"ஆமாம்மா, நானும் கேள்விப்பட்டிருக்கேன்னு சொல்லு. அவங்க நாடு ரொம்ப மோசமாமே! எப்படித்தான் அங்க குடியிருக்காங்களோன்னு நான்கூட நினைச்சுப்பேன்னு சொல்லு."

"அப்பா, வேண்டாம்..."

"சொல்லும்மா. பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?"

மகள் சொல்லவில்லை. ஆனால் பையன் நல்லவன், யார் எது சொன்னாலும் மொழிபெயர்த்துவிடுவான். சொல்லிவிட்டான். சம்பந்தி ஸ்பூனைக் கீழே வைத்தார். காது சிவந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, தட்டில் பாதி அப்படியே இருக்க, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாஸ்டர் மகள் பக்கம் திரும்பினார்.

"அவர் சொன்னதைத்தானே நானும் சொன்னேன்!"

"அவர் சொல்லலாம்ப்பா. நீங்க சொல்லக்கூடாது." மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "திட்டறது அவங்க உரிமை. அவங்க தேசபக்தியே அதுதான். கொடி பிடிக்க மாட்டாங்க, பாட்டுப் பாட மாட்டாங்க. உக்காந்து திட்டுவாங்க."

"திட்டறதா தேசபக்தி? அப்படிப் பார்த்தா உங்கம்மாவுக்கு நடுத்தெருவுல சிலை வைக்கணும்!"

"சாப்பாடு பிரமாதம். இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்றார் அம்மாள், சுவரைப் பார்த்தபடி.

திட்டியதுதான் தப்பு என்றால் புகழ்ந்துவிட்டால் சரியாகிவிடும் என்பது மாஸ்டரின் கணக்கு. மறுநாள் விருந்தாளிகளுக்கு ஊரைச் சுற்றிக்காட்ட அழைத்துப் போனவர், தம் ஊரைப் பற்றி மூச்சு விடவில்லை. பாலத்தைக் காட்டி, "உங்க நாட்டுப் பாலம் மாதிரி வருமா?" என்றார். பூங்காவைக் காட்டி, "உங்க ஊர்ப் புல்லு இதைவிடப் பச்சையாமே!" என்றார். அவர்கள் நாட்டு மலை, ஆறு, பசுமாடு, தபால்பெட்டி என்று ஒன்று பாக்கி விடவில்லை. சம்பந்தி ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் ஓர் அடி தள்ளி நடந்தார். சாயங்காலம் வீடு திரும்பும்போது இருவருக்கும் நடுவில் ஒரு பேருந்து போகலாம்.

"என்ன மாப்பிள்ளை, அப்பா சந்தோஷமா இருக்காரா?"

"மாமா கோவிச்சுக்கக்கூடாது. நீங்க தேர்தல்ல நிக்கறீங்களான்னு அப்பா கேக்கறார். இல்லேன்னா, எங்க ஊருக்கு வந்து எங்க வீட்டோடயே தங்கிடப்போறீங்களான்னு."

மாஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

"அப்பா, ஒரே வழிதான் இருக்கு" என்றாள் மகள். "அவர் அவங்க நாட்டைத் திட்டறார்ல? நீங்க நம்ம நாட்டைத் திட்டுங்க. சரிக்குச் சரியாப் போயிடும்."

"நானா? நம்ம நாட்டையா?"

"ஒரே ஒரு வாட்டி. எனக்காக."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நம்ம நாட்டு ரோடு இருக்கே..." என்று ஆரம்பித்தார். நெற்றியில் வியர்த்தது. "நம்ம நாட்டு ரோடு... கொஞ்சம்... ரொம்ப அகலம்."

மகள் எழுந்து போனாள்.

இதற்கிடையில் அம்மாள் கொடுத்த வாக்கை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார். குளித்துக்கொண்டிருக்கும்போது குழாயில் தண்ணீர் நின்று சம்பந்தி சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தால், "குழாய் எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க" என்றார். கரண்ட் போனால், "இருட்டும் ஒரு அழகுதான்" என்றார். மாஸ்டர் காபியைத் தட்டிவிட்டு, சம்பந்தியம்மாளின் வெள்ளைச் சட்டையெல்லாம் கறையானபோது, மாஸ்டரே பழக்க தோஷத்தில் கையால் காதைப் பொத்திக்கொண்டார். அம்மாளோ புன்னகை செய்து, "பரவாயில்லைங்க, கை தவறறது சகஜம்தானே" என்றார். அந்தக் குரலைக் கேட்டு மாஸ்டருக்கே முதுகு சில்லிட்டது.

சம்பந்தியம்மாள் கறையைப் பார்க்கவே இல்லை. மாஸ்டரையும் அவர் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மாளின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"பார்த்தியா, உன் குணத்தைப் பார்த்து உருகிப்போயிட்டாங்க" என்றார் மாஸ்டர் பெருமையாக.

அரை மணி நேரம் கழித்துப் பையன் வந்தான். மகளும் கூட வந்தாள், கண் சிவந்திருந்தது.

"மாமா, கல்யாணப் பேச்சை இப்ப எடுக்க வேண்டாம்னு அம்மா சொல்றாங்க. இந்த வீட்டுல ஏதோ சரியில்லைன்னு அவங்களுக்குத் தோணுதாம். பின்னாடி பார்த்துக்கலாமாம்."

மகள் அழவில்லை. அழுதிருந்தால்கூட மாஸ்டர் தாங்கியிருப்பார். ஊருக்குத் திரும்பத் தன் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். மாஸ்டர் வாசற்படியில் நின்று அதைப் பார்த்தார். சின்ன வயதில் மிட்டாய் கிடைக்காவிட்டாலும் இப்படித்தான், சத்தம் போடாமல் பொம்மைகளை அடுக்குவாள். எல்லாம் தம் வாயால் வந்த வினை. அவர்கள் நாட்டைப் பழித்தார், கெட்டார். புகழ்ந்தார், அதிலும் கெட்டார். இனி ஒரே ஒரு வாய்ப்புதான். மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம், அதற்கு விருந்தாளிகள் வருவதாக முன்பே ஏற்பாடு. அங்கிருந்து நேராக விமான நிலையம். அதற்குள் நாட்டைத் திட்டியாக வேண்டும், அதுவும் மேடையிலேயே.

காலையில் கண்ணாடி முன் நின்று முயன்றார். வரவில்லை. வெட்கத்தை விட்டு மனைவியிடமே போனார்.

"ஆமா, நீ எப்படி ஆரம்பிப்பே? முதல் வார்த்தை என்ன?"

"எதுக்கு?"

"திட்டறதுக்கு."

"நானா?" அம்மாள் கண்ணை அகலமாக விரித்தார். "நான் யாரையும் திட்டறதே இல்லையே!"

பள்ளிக்கூட மைதானம். பிள்ளைகள் நூல் பிடித்தாற்போல வரிசையில் நின்றார்கள். முன்வரிசை நாற்காலிகளில் தலைமையாசிரியை, சம்பந்தி, சம்பந்தியம்மாள், மகள், பையன், ஓரத்தில் மாஸ்டரின் மனைவி. பேண்டு முழங்கியது. மாஸ்டர் கயிற்றை இழுத்தார். கொடி ஏறியது. பாதிக் கம்பம் வரை ஏறியது. அங்கே நின்றது.

இழுத்தார். வரவில்லை. இறக்கிப் பார்த்தார். இறங்கவும் இல்லை. உச்சியில் இருந்த கப்பி துருப்பிடித்துக் கயிற்றைக் கவ்விக்கொண்டது.

அரைக் கம்பத்தில் கொடியைப் பார்த்ததும் சம்பந்தி வெடுக்கென்று எழுந்தார். முகம் வெளுத்தது. இன்னொரு சாவா என்று போனைத் தேடிப் பையில் கையை விட்டார்.

"ஏணி! ஏணி கொண்டாங்க!" என்று தலைமையாசிரியை கத்தினார். பையனும் மகளும் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கிடங்கை நோக்கி ஓடினார்கள்.

கயிற்றைப் பிடித்தபடி மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். எத்தனையோ வருஷமாக ஒரு நாள் தவறாமல் ஏற்றிய கொடி, மகளின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கும் நாளில் பாதியில் நிற்கிறது. அவருக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. மைக்கை இழுத்துக்கொண்டார்.

"இது ஒரு கப்பியா?" என்றார். "கேக்கறேன், இது ஒரு கப்பியா? மாத்துங்க, மாத்துங்கன்னு எத்தனை வாட்டி கேட்டேன்? ஒருத்தன் காதுல ஏறிச்சா? சாவுங்கடா! ஒரு கொடியை உச்சிக்கு ஏத்த வக்கில்லாத நாடு ஒரு நாடா? ரோடு போட்டா மறுநாள் தோண்டறான். தோண்டினா மூட மாட்டேங்கறான். குழாயைத் திறந்தா காத்து வருது. லிஃப்ட்ல ஏறினா உயில் எழுதி வெச்சுட்டு ஏற வேண்டியிருக்கு! நம்ம நாடு, நம்ம நாடுன்னு நெஞ்சை நிமித்தி நிமித்தி எனக்கு முதுகு வலி வந்ததுதான் மிச்சம்!"

பேண்டு பிள்ளைகளின் கையில் குச்சி அந்தரத்தில் நின்றது. தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டரின் கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர். ஆனால் கயிற்றைப் பிடித்த கை மட்டும் தளரவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே வியப்பாக இருந்தது. இத்தனை நாளும் இதெல்லாம் எங்கே இருந்தது? மனைவி கொட்டியதெல்லாம் வீண் போகவில்லை, ஒரு சொட்டு சிந்தாமல் உள்ளே சேர்ந்திருக்கிறது.

"உருப்படுமா இந்த நாடு? உருப்படுமா?" என்று முடித்தார்.

"நிறுத்துங்க!"

குரல் முன்வரிசை ஓரத்திலிருந்து வந்தது. அம்மாள் எழுந்து நின்றார். வாக்காவது ஒன்றாவது.

"நாட்டைத் திட்டறீங்களே நாட்டை, நாடு என்ன பண்ணும்? கப்பிக்கு எண்ணெய் போடுங்கன்னு போன மாசம் டப்பாவையே கையில குடுத்து அனுப்பினேனா இல்லையா? அதைக் கொண்டுபோய் சைக்கிள் செயினுக்கு ஊத்திக்கிட்டு, வழுக்கிக்கிட்டு வந்து நின்ன மனுஷன்தானே நீங்க? லிஃப்டை யார் வாங்கினது? ரோட்டுல குழி இருக்கறது தெரிஞ்சு தெரிஞ்சு தினம் விழுந்து எந்திரிக்கறது யாரு? இந்த நாட்டைத் திட்டறதுக்கு நான் இருக்கேன். அனுபவிச்சுத் திட்டறேன். நேத்துப் பொறந்த ஆள் மாதிரி நீங்க யாரு புதுசா வந்து திட்ட? முதல்ல அந்தக் கண்ணைத் துடைங்க, பிள்ளைங்க பார்க்குது! கையை ஏன் அப்படி இறுக்கறீங்க, கயிறு கிழிச்சுடும். உங்களுக்கு மருந்து போட்டுப் போட்டே என் காலம் போயிடும்!"

மூன்று நாள் பாக்கி மொத்தமும் ஒரே தவணையில் வந்துவிட்டது.

அப்போது நடந்ததைப் பள்ளிக்கூடம் ரொம்ப நாள் பேசியது. சம்பந்தியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கைதட்டினாள். சம்பந்தி போனைப் பையில் போட்டார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் வீசினார். விறுவிறுவென்று கம்பத்துக்கு வந்து, ரயில் ஓட்டிக் காய்ப்பேறிய கையால் மாஸ்டரின் கைக்கு மேலே கயிற்றைப் பிடித்தார். கண்ணால் ஒரு ஜாடை. இருவரும் சேர்ந்து ஒரே இழுப்பு. கப்பி கிரீச்சென்று அலறிச் சுழன்றது. கொடி சரசரவென்று உச்சிக்குப் போய், முடிச்சவிழ்ந்து, காற்றில் விரிந்தது.

பிள்ளைகள் வரிசையை விட்டு ஓடிவந்து ஆரவாரம் செய்தார்கள். அட்டென்ஷன் மாஸ்டர் அதட்டவில்லை. பேண்டு யாரும் சொல்லாமலே வாசித்தது. சம்பந்தி மாஸ்டரைக் கட்டிப்பிடித்து முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார். மாஸ்டர் பக்கத்தில் பார்த்தார். மனிதர் நிமிர்ந்து நின்றார்! முதுகெலும்பு கம்பத்துக்குச் சமமாக நேராக இருந்தது.

ஏணியைத் தூக்கிக்கொண்டு மகளும் பையனும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது ஏணிக்கு வேலை இல்லை. சம்பந்தி மகனிடம் சத்தமாக ஏதோ சொன்னார்.

பையன் ஏணியைக் கீழே போட்டான். "மாமா, கல்யாணத்தை எப்ப வெச்சுக்கலாம்னு அப்பா கேக்கறார்!"

மகள் ஓடிவந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இப்போதுதான் அழுதாள், நன்றாகவே அழுதாள். மாஸ்டருக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

விமான நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் காரில் அவர் வாய் ஓயவில்லை. 'உயில் எழுதி வெச்சுட்டு' என்ற இடத்தை இரண்டு முறை நடித்துக் காட்டினார். மனைவி ஜன்னல் வழியே பார்த்து, டிரைவர் ஓட்டுகிற அழகையும் ரோட்டையும் கணவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே வந்தார். மாஸ்டர் தடுக்கவில்லை. இனி என்ன கவலை?

வாசலில் பெட்டிகளை இறக்கி, கைகுலுக்கி, எல்லாம் ஆன பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. மருமகனைத் தனியே இழுத்தார்.

"மாப்பிள்ளை, சம்பந்தியம்மாகிட்ட ஒண்ணு கேளுங்க. என் பேச்சுல எந்த இடம் அவங்க மனசை மாத்திச்சு? ரோடா, லிஃப்டா?"

பையன் கேட்டான். சம்பந்தியம்மாள் புருவத்தைச் சுருக்கி, திருப்பி ஏதோ கேட்டாள்.

"எந்தப் பேச்சுன்னு கேக்கறாங்க மாமா. நாங்க ரெண்டு பேரும் ஏணி எடுக்கப் போயிட்டோமே, யாரு மொழிபெயர்க்கறது? நீங்க பேசினது அவங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியலையாம்."

மாஸ்டர் மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் எப்படி...?"

சம்பந்தியம்மாள் சிரித்தாள். மாஸ்டரின் மனைவியைத் தோளோடு அணைத்துக்கொண்டு மகனிடம் நிறையச் சொன்னாள். பையன் முதலில் தானும் சிரித்துவிட்டு, பிறகு வரி பிசகாமல் மொழிபெயர்த்தான்:

"முதல் நாள் லிஃப்ட்ல அத்தை உங்களைத் திட்டினதைக் கேட்டதுமே, இதைவிடப் பாசமான குடும்பம் கிடைக்காதுன்னு முடிவு பண்ணிட்டாங்களாம் மாமா, மறுநாள்ல இருந்து உங்களை ஒரு வார்த்தைகூடத் திட்டலைன்னதும், நீங்க ரெண்டு பேரும் விவாகரத்து பண்ணிக்கப்போறீங்கன்னு பயந்துதான் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொன்னாங்களாம்!"